பதினைந்து பாப்

வணக்கம் ஐயா,

டிக்கன்ஸின் 'எ கிறிஸ்மஸ் கரோல்' கதையைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் குமாஸ்தா பாப் கிராட்சிட்டுக்கு வாரச் சம்பளம் 15 ஷில்லிங். இணையக் கணிப்பானில் போட்டுப் பார்த்தேன், இன்றைய மதிப்பில் சுமார் 80 பவுண்ட் என்றது. ரூபாயாக மாற்றினால் ஒன்பதாயிரத்தை ஒட்டி வருகிறது. அப்படியானால் மாதம் முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல்! நம்மூரில் இது பரவாயில்லாத சம்பளம், இவனை ஏன் ஏழை என்கிறார்கள்? ஷில்லிங்கை எடுத்துவிட்டு ரூபாயிலேயே எழுதிவிடலாமா? 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட் என்று எதற்காக இப்படிக் குழப்பினார்கள்? என்னிடம் விக்டோரியா தலை போட்ட பழைய பென்னி ஒன்று இருக்கிறது. என்ன விலை போகும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பென்னியை முதலில் முடித்துவிடுகிறேன். விக்டோரியா பென்னிகளை லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள், தேய்ந்ததற்குப் பெரிய விலை வராது. ஆனால் தயவுசெய்து புளி போட்டு விளக்கிவிடாதீர்கள், விளக்கிய காசைச் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். 12, 20 குழப்பம் ஒன்றுமில்லை. பன்னிரண்டை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று எப்படியும் பங்கு போடலாம், பத்தை அப்படிப் போட முடியாது. பதினாறு அணா ரூபாயில் நம் பாட்டிமார் மனக்கணக்காகவே குடும்பம் நடத்தவில்லையா? பிரிட்டன்காரர்களும் 1971 பிப்ரவரி 15 வரை பழைய கணக்கிலேயே ஓட்டிவிட்டுத்தான் நூறு பென்னி ஒரு பவுண்ட் என்று மாறினார்கள்.

முப்பத்தைந்தாயிரத்துக்கு வருவோம். கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது, உங்கள் மேல் மட்டும் இல்லை. போன மாதம் அலமாரியை ஒழித்தபோது என் அப்பாவின் ஆங்கில–தமிழ் அகராதி கிடைத்தது. பழுப்புத் தாளில் அட்டை போட்டு, உள்ளே அவர் கையெழுத்தில் '1974, ரூ. 18' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற அக்கா மகன் போனில் ஏதோ தட்டிவிட்டு, "மாமா, இன்னிக்குக் கணக்குக்கு ஐந்நூறு சொச்சம்தான், ஒரு பீட்சா விலை" என்றான். அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர், மாதம் 240 ரூபாய், வீட்டில் ஏழு பேர். அந்தப் பதினெட்டு ரூபாயைக் கடைக்காரரிடம் மூன்று மாதத்தில் கொடுத்தார். அந்த மூன்று மாதமும் அம்மா பேசிய பேச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பீட்சாவாம். பையன் நல்லவன்தான், கணக்கும் தப்பில்லை, ஆனாலும் அன்று அவனிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

நீங்கள் செய்திருப்பதும் அதேதான், அதுவும் இரண்டு தடவை. கணிப்பான் லண்டன் விலைவாசியைப் பிடித்துக்கொண்டு நூற்றெண்பது வருடம் ஏறி வருகிறது, அங்கிருந்து நீங்கள் இன்றைய செலாவணி விலையைப் பிடித்துக்கொண்டு மதுரையில் இறங்குகிறீர்கள். லண்டனில் இன்று வாரம் 80 பவுண்டில் ஒரு அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று யாரையாவது கேட்டீர்களா? கூலியோடு கூலியை ஒப்பிட்டால் அதே 15 ஷில்லிங் பல மடங்காக வரும். தங்கத்தில் கணக்குப் போட்டால் இன்னும் வேடிக்கை. நாம் நகைக்கடையில் சவரன், பவுன் என்கிறோமே, இரண்டும் அந்த நாட்டுத் தங்கக் காசு விட்டுப்போன பெயர்கள்தான். ஒரு பவுண்ட் மதிப்புள்ள சாவரின் எட்டு கிராமுக்கு ஒரு இழை குறைவு. இருபது ஷில்லிங் ஒரு சவரன் என்றால் பதினைந்து ஷில்லிங் முக்கால் சவரன். வாராவாரம் சனிக்கிழமை முக்கால் சவரன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் ஏழையா! இன்றைய பவுன் விலையை நீங்களே போட்டுப் பாருங்கள். சரி, அந்தக் காலத்து ரூபாயிலேயே மாற்றுவோம் என்றால், அன்று ஒரு ரூபாய் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங், கிராட்சிட்டின் வாரச் சம்பளம் ஏழரை ரூபாய். எதைப் போடப்போகிறீர்கள்? ஒன்பதாயிரமா, முக்கால் சவரனா, ஏழரையா?

அவன் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். பதினைந்து ஷில்லிங் என்றால் 180 பென்னி. புருஷன், பெண்டாட்டி, ஆறு பிள்ளைகள். நாலு பவுண்ட் எடையுள்ள ரொட்டி, அதாவது கிட்டத்தட்ட 1.8 கிலோ, அன்று லண்டனில் ஏழெட்டுப் பென்னி. எட்டுப் பேருக்கு நாளைக்கு ஒன்று என்று சிக்கனமாக வைத்தாலும் வாரத்துக்கு ஐம்பது பென்னிக்கு மேல் வெறும் ரொட்டிக்கே போய்விடும். வாடகை, நிலக்கரி, மெழுகுவத்தி, செருப்பு, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத கடைசிப் பையன், எல்லாம் மிச்சத்தில். ஒரு பென்னியில் கால் பங்கு ஃபார்திங். அதிலும் பாதியாக ஒரு செப்புக் காசு இருந்தது, அரை ஃபார்திங், இலங்கைக்காக அடித்தது. அதை 1842இல் பிரிட்டனிலும் செல்லும் என்று அறிவித்தார்கள், இந்தக் கதை வருவதற்கு முந்தின வருடம். எட்டில் ஒரு பென்னியையும் எண்ணிக் கொடுத்து வாங்கிய ஜனங்கள் இருந்த ஊர் அது. உங்கள் கணிப்பானில் அந்தக் காசுக்குக் கட்டம் இருக்கிறதா?

1843 டிசம்பரில் அந்தப் புத்தகம் வந்தபோது விலை 5 ஷில்லிங். வண்ணப் படம், பொன்னிற எழுத்து எல்லாம் உண்டு, கிறிஸ்மஸுக்குள் ஆறாயிரம் பிரதி விற்றது. கிராட்சிட் தன் கதையைத் தானே வாங்கிப் படிக்க வேண்டுமென்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும், அதாவது இரண்டு நாள் குளிரில் உட்கார்ந்து எழுதிய கூலி. இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பழுப்புத் தாள்தான் ஞாபகம் வந்தது.

ரூபாயில் எழுதலாமா என்கிறீர்கள். எழுதினால் உங்களை மன்னிக்கமாட்டேன், காரணமும் சொல்லிவிடுகிறேன். லண்டன் பேச்சில் ஷில்லிங்குக்கு 'பாப்' என்று பேர். அதனால் பாபுக்கு வாரம் பதினைந்து பாப், தன் பெயரிலேயே பதினைந்து பிரதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறான் என்று டிக்கன்ஸ் ஒரு விளையாட்டு விளையாடுகிறார். நீங்கள் 'ஒன்பதாயிரம் ரூபாய்' என்று போட்ட நிமிடம் அது செத்துப்போகும். ஷில்லிங் என்றே இருக்கட்டும். அது இன்றைக்கு எவ்வளவு என்று அடிக்குறிப்பும் வேண்டாம், ரொட்டி என்ன விலை என்று முன்னுரையில் ஒரு வரி எழுதுங்கள், போதும். 'பாப்' விளையாட்டைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்று எனக்கும் பிடிபடவில்லை. முயன்று பார்த்து அந்தப் பத்தியை மட்டும் முதலில் அனுப்புங்கள்.