உயிரியலை விட்டுவிடச் சொல்லும் முன்

மூளையைப் பற்றிப் படிக்க விரும்பும் உங்கள் மகளை, "மூளையும் ஒரு கணினிதானே" என்று சொல்லிக் கணினி அறிவியலுக்கு மாற்றிவிடலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால், உயிரியலைத் தேர்ந்தெடுத்ததைக் காரணம் காட்டி அவர் கணிதத்தைக் கைவிட்டுவிடவும் கூடாது.

அந்த ஒப்பீடு ஓரளவுக்கே பொருந்தும். வழக்கமான கணினியில் நினைவகமும், கணக்கிடும் பகுதியான செயலியும் தனித்தனியே இருப்பதால் தரவு இரண்டுக்கும் இடையே ஓயாமல் போய்வர வேண்டியிருக்கிறது. மின்சாரத்தில் கணிசமான பங்கு அதற்கே செலவாகிறது. மூளையிலோ, ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களுக்கு இடையேயுள்ள இணைப்புகளே நினைவுக்கும் கணக்கிடுதலுக்கும் அடிப்படையாக அமைகின்றன. ஒரு நரம்பணு நொடிக்குச் சில நூறு முறைக்கு மேல் மின் துடிப்பை வெளியிடுவது அரிது. செயலியின் கடிகாரம் நொடிக்கு நூற்றுக்கணக்கான கோடி முறை துடிக்கிறது. இவ்வளவு மெதுவான உறுப்புகளைக் கொண்டு மூளை சுமார் 20 வாட்டில் எப்படி இயங்குகிறது என்ற கேள்விதான் கணினிச் சில்லு வடிவமைப்பாளர்களை உயிரியலின் பக்கம் திருப்பியது.

சீ. எலிகன்ஸ் என்னும் சிறு புழுவுக்கு 302 நரம்பணுக்கள் மட்டுமே உண்டு. அவற்றின் இணைப்பு வரைபடம் 1986-லேயே வெளியாகிவிட்டது. ஆனாலும் அந்தப் புழுவின் நடத்தையைக் கணினியில் முழுமையாக உருவாக்க இன்னும் முடியவில்லை. உயிரியலும் கணிதமும் ஒருசேரத் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை மிச்சம் இருக்கிறது. செயற்கை நரம்பு வலையமைப்பு ஆய்வுக்காக 2024-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கணினி அறிவியலாளர் ஜெஃப்ரி ஹின்டன் முதலில் பட்டம் பெற்றது உளவியலில்.

பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்காமல், பாடத்திட்டத்தில் நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, நிரலாக்கம் ஆகியவை உண்டா என்று பாருங்கள். ஆய்வுப் பணி என்றால் படிப்பு பெரும்பாலும் முனைவர் பட்டம் வரை நீளும். அதற்கான பொறுமையும் பொருளாதார வசதியும் வீட்டில் உண்டா என்பதையும் இப்போதே பேசிவிடுவது நல்லது. மருத்துவப் படிமப் பகுப்பாய்வு, செவிக்குள் பொருத்தும் கருவிகள், மரபணுத் தரவு போன்ற துறைகளில் முனைவர் பட்டத்துக்கு முன்னரே வேலை கிடைக்க வாய்ப்புண்டு.

முடிவெடுக்கும் முன் அவரை ஒரு சிறு வேலை செய்து பார்க்கச் சொல்லுங்கள். மின்னழுத்தம் மெல்ல ஏறி, வரம்பைத் தொட்டதும் ஒரு துடிப்பை வெளியிட்டுவிட்டு மீண்டும் இறங்கும் ஒற்றை நரம்பணுவின் மாதிரியைப் பைத்தான் மொழியில் சில பத்து வரிகளுக்குள் எழுதிவிடலாம். வரம்பை மாற்றினால் துடிப்பின் வேகம் ஏன் மாறுகிறது என்று அவரே தேடத் தொடங்கினால், இரண்டு துறைகளையும் சேர்த்துக் கற்பிக்கும் படிப்பில் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.