வெயிலில் உடம்பு உழைத்துச் செய்யும் வேலைக்கு எந்த மாதிரி சட்டை நல்லது?

காட்டன் சட்டை போட்டால் பதினோரு மணிக்கே நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, பாலியஸ்டர் டி-ஷர்ட்டுக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கூரைகளில் சோலார் பேனல் மாட்டும் வேலையில் இருக்கிறேன். மேலே வெயில், காலடியில் கொதிக்கும் தகரம். நான் போட்டுக் கிழித்த சட்டைகளுக்குக் கணக்கே இல்லை.

என்னைக் கேட்டால், துணி மாற்றுவது அப்புறம். முதலில் அளவை மாற்றுங்கள். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சொட்டுச் சொட்டாகக் கீழே விழுவதால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஆவியாக வேண்டுமென்றால் சட்டைக்கும் தோலுக்கும் நடுவே காற்று ஓட வேண்டும். உடம்பைப் பிடித்த சட்டையில் அதற்கு ஏது வழி?

வெள்ளையா கறுப்பா என்று ரொம்ப யோசிப்பவர்களுக்கு ஒரு விஷயம். பாலைவனத்தில் பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து 1980இல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார்கள். கறுப்பு அங்கி வெயிலை அதிகம் இழுக்கத்தான் செய்தது. ஆனால் தோல்வரை வந்து சேர்ந்த வெப்பத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் இல்லை. அங்கி தொளதொளவென்று இருந்ததால், துணியில் ஏறிய சூடு உள்ளே ஓடும் காற்றோடு வெளியே போய்விட்டது. நாம் போடும் சட்டை அவ்வளவு தொளதொளப்பு இல்லை, அதனால் நான் வெளிர் நிறம்தான் வாங்குகிறேன். வெள்ளை மட்டும் வேண்டாம். கிரீஸ் கறை போகாது.

கடையில் சட்டையைப் போட்டதும் கண்ணாடி முன்னால் நிற்காதீர்கள். இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். சட்டை பேண்ட்டை விட்டு வெளியே வருகிறதா? அப்புறம் உங்களை நீங்களே கட்டிப்பிடித்துக் குனியுங்கள். முதுகு இழுக்கிறதா? இழுத்தால் வைத்துவிடுங்கள். தோள்பட்டைக்குக் கீழே முதுகில் மடிப்பு வைத்துத் தைத்த சட்டை இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடும். அக்குள் தையலை உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். தடிப்பாக இருந்தால் சாயங்காலத்துக்குள் அந்த இடம் புண்ணாகிவிடும்.

இனி துணி. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் காட்டன் தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். அதாவது காட்டன் வியர்வையைக் குடிக்கும், பாலியஸ்டர் குடிக்காது. நல்ல விளையாட்டு டி-ஷர்ட்டில் இழைகளின் இடுக்கு வழியாக வியர்வை பரவிச் சீக்கிரம் காயும். காற்று வறண்டிருக்கும் இடத்தில் நனைந்த காட்டன் நல்லதுதான், ஈரத்துணி சுற்றிய தண்ணீர் பாட்டில் மாதிரி குளிரும். புழுக்கமான இடத்தில் அது காயவே காயாது, பாரம்தான். அங்கே காட்டனும் பாலியஸ்டரும் கலந்த மெல்லிய சட்டை தேவலை. புழுக்கம் உச்சத்தில் இருக்கும் நாளில் எந்தச் சட்டையும் உதவாது. வேலை நேரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

முழு பாலியஸ்டர் எனக்குச் சரிப்படாததற்கு வேறு காரணம் உண்டு. ஒருநாள் கட்டிங் மெஷினில் இரும்புச் சேனலை அறுத்துக்கொண்டிருந்தேன். பொறி தெறித்து டி-ஷர்ட் வயிற்றுப் பக்கம் குண்டூசித் தலை அளவில் ஏழெட்டு ஓட்டை. ஒவ்வொன்றின் ஓரமும் உருகிக் கெட்டியாகி, சின்ன பிளாஸ்டிக் மணி மாதிரி இருந்தது. அதில் ஒன்று தோலில் ஒட்டிக்கொண்டது. உரித்து எடுத்த இடத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. பாலியஸ்டர் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். காட்டனும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. வெல்டிங், கிரைண்டிங் பக்கம் போகிறவர்கள் பாலியஸ்டரைத் தொடவே வேண்டாம். அதேபோல் சுழலும் மெஷின் பக்கத்தில் தொளதொள கை ஆபத்து, பட்டனைப் போட்டுவிடுங்கள்.

நான் வாங்குவது 110 முதல் 130 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) வரை உள்ள நெய்த காட்டன், முழுக்கை. துணியை வாயில் வைத்து ஊதினால் மறுபக்கம் கையில் காற்று பட வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் எதிரே இருப்பது பளிச்சென்று தெரியக் கூடாது. தெரிந்தால் வெயிலும் அப்படியே உள்ளே வரும், நனைந்தால் இன்னும் அதிகமாக. யு.பி.எஃப் 50 என்று சீட்டு இருந்தால், புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும் என்று அர்த்தம். அரைக்கை காற்றோட்டமாகத் தோன்றும், ஆனால் முழங்கை எரியும்.

புதுச் சட்டையை ஒரு தடவை அலசிவிட்டுப் போடுங்கள். கஞ்சி இருந்தால் வியர்வையை உறிஞ்சாது. ஃபேப்ரிக் கண்டிஷனரும் வேண்டாம், அது இழைமேல் படலமாகப் படிந்து அதே வேலையைத்தான் செய்யும்.

அப்புறம், பையில் எப்போதும் இன்னொரு சட்டை வைத்திருங்கள். மதியம் ஈரச் சட்டையைக் கழற்றி முதுகைத் துடைத்துவிட்டு, காய்ந்ததை மாட்டிக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறுவேன்.