விருப்பச் செயல்திட்டம்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் எட்டாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் 38 பேர். வாரம் ஒரு பாடவேளையை ஒதுக்கி, உங்களுக்குப் பிடித்ததை எடுத்துச் செய்யுங்கள் என்று மாணவர்களிடமே விட்டேன். முதல் வாரம் ஒரே உற்சாகம். நான்காம் வாரம் பார்த்தால் பாதிப் பேர் இணையத்தில் எடுத்த படங்களைச் சார்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் தலைப்பை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நன்றாக வந்த ஒன்றிரண்டும் பெற்றோர் கைவேலை. இதற்கு மதிப்பெண் போடுவதா? பேசாமல் அந்தப் பாடவேளையைக் கணக்குக்கே கொடுத்துவிடலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகளிடம் தேர்வை விட்டது சரிதான். தலைப்பு கிடைத்ததும் வேலையைத் தொடங்க விட்டதில்தான் சிக்கல். 'விண்வெளி' என்று ஒரு பையன் எழுதிக் கொடுத்தால் அதிலிருந்து சார்ட்தான் வரும், வேறெதுவும் வராது. தேடினால் பத்து நொடியில் பதில் கிடைப்பது செயல்திட்டம் ஆகாது. தானே பார்த்து, அளந்து, செய்து, நாலு பேரைக் கேட்டால்தான் தெரியும் என்கிற கேள்வி வேண்டும். அந்தக் கேள்விக்கே முழுதாக இரண்டு பாடவேளை கொடுங்கள்.

அதே பையனையே எடுத்துக்கொள்வோம். விண்வெளியில் எது, நிலாவா? நிலாவில் எதை உன்னால் வெறும் கண்ணால் பார்க்க முடியும்? இப்படி இரண்டு மூன்று கேள்வி கேட்டால், 'தினமும் மாலை ஏழு மணிக்கு நிலா ஒரே இடத்தில் இருக்கிறதா?' என்பதற்கு வந்துவிடுவான். கருவி வேண்டாம். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் வானத்தில் அது ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். நிலா நாளுக்குச் சுமார் 12, 13 பாகை கிழக்கே தள்ளிப் போகும். அதாவது ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்தால் பத்தே நாளில் அது அவன் நோட்டில் தெரிந்துவிடும். ஆனால் தொடங்கும் நாளை நீங்கள் நாள்காட்டி பார்த்துச் சொல்ல வேண்டும். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் தொடங்கட்டும். பௌர்ணமிக்குப் பிறகு நிலா நாளுக்குச் சராசரி 50 நிமிடம் பிந்தி எழும். மாலையில் போய் நின்றால் வானம் காலியாக இருக்கும், தன் வேலை வீணாகிவிட்டது என்று பையன் விட்டுவிடுவான். மேகம் மூடிய நாளில் 'மேகம்' என்று எழுதி அளவை வெற்றாக விடச் சொல்லுங்கள். ஊகித்து நிரப்பாமல் இருக்கப் பழகுவதே பெரிய பாடம்.

"எனக்கு எதுவுமே பிடிக்காது" என்பவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் எது எரிச்சலூட்டுகிறது என்று கேளுங்கள். இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் ஏன் இவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது? ஒரு பாட்டில் நிரம்ப எத்தனை நொடி, வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் அதுவே நல்ல வேலை.

மூன்றாம் வாரம் ஒரு பக்கத் திட்டம்: கேள்வி, செய்யப்போவது, தேவையான பொருள், அடுத்த பாடவேளைக்குள் முடிக்கும் முதல் சிறு வேலை. கடைசி வரி வெற்றாக இருந்தால் திட்டம் இன்னும் தயாராகவில்லை. தலைப்பை மாற்ற அதுவரைதான் அனுமதி. பிறகு கேள்வியைச் சுருக்கலாம், திருப்பலாம், தூக்கி எறியக் கூடாது.

38 பேரைத் தனித்தனியே உங்களால் பார்க்க முடியாது. இரண்டு மூன்று பேராகச் சேர்த்தால் 15 குழு வரும். வாரம் 5 குழு, குழுவுக்கு 6 நிமிடம். மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். அவர்களோடு உட்கார்ந்திருக்கும்போது அறிவுரை வேண்டாம். "போன முறைக்கு அப்புறம் என்ன மாறியது, எங்கே நிற்கிறது?" இரண்டே கேள்வி. நடுவில் சிக்கியவர்கள் கரும்பலகை ஓரத்தில் பெயரை எழுதி வைக்கட்டும்.

ஐந்தாம் வாரம் வகுப்பு சோர்ந்துபோகும். புதுமை தீர்ந்திருக்கும், பலன் கண்ணில் பட்டிருக்காது. ஆறாம் வாரத்தில், முடியாத வேலையை அப்படியே பக்கத்துக் குழுவிடம் இரண்டு நிமிடம் காட்ட வையுங்கள். இன்னொருவர் "இது ஏன் இப்படி?" என்று கேட்டுவிட்டால் வேலை மறுபடி நகரும்.

மதிப்பெண்ணைப் பற்றி. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் படம் வரைய விரும்பும் மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிற்பாடு தாமாக வரையும் நேரம் மற்றவர்களைவிடக் குறைந்தது. அதனால் முடிவுப் பொருளுக்கு மதிப்பெண் வேண்டாம் என்பதே என் கருத்து. பள்ளி கட்டாயம் கேட்டால் குறிப்பேட்டுக்குப் போடுங்கள்: தேதி இருக்கிறதா, தவறியதை எழுதியிருக்கிறார்களா, அதனால் எதை மாற்றினார்கள். அழகான மாதிரிக்கு மதிப்பெண் போடும்வரை பெற்றோர் செய்துதான் கொடுப்பார்கள். பிள்ளை நோட்டில் மூன்றாம் நாள் தவறு நடந்தது என்று எழுதிவைக்க எந்தப் பெற்றோரும் மெனக்கெட மாட்டார்.

இப்போது ஒட்டிய சார்ட்டுகளைக் கிழிக்க வேண்டாம். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும், இவ்வளவையும் சேர்த்த பிறகும் தனக்குத் தெரியாத மூன்றை அந்தந்தப் பிள்ளை எழுதட்டும். அடுத்த பாடவேளையை அதில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.