மாடல் டி, மஸ்டாங்: கிட்டத்தட்ட ஒரே அளவு என்ஜின், ஐந்து மடங்கு சக்தி எப்படி?

ஃபோர்டு நிறுவனத்தின் இரண்டு கார்களான மாடல் டி-யையும் முதல் மஸ்டாங்கையும் ஒப்பிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. 1908-இல் வந்த மாடல் டி-யின் என்ஜின் 2.9 லிட்டர், 1964-இல் வந்த மஸ்டாங்கின் ஆரம்ப விலை மாடலில் 2.8 லிட்டர்தான். ஆனால் முன்னது 20 குதிரைத்திறன், பின்னது 101! ஒரு காரணம், என்ஜினுக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவையை அதிகம் அழுத்தினால் அதிக சக்தி கிடைக்கும். ஆனால் மாடல் டி காலத்துப் பெட்ரோல் தரம் குறைவு. ரொம்ப அழுத்தினால் கலவை தாறுமாறாக வெடித்து, என்ஜின் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்துவிடும். அதனால் நாலு மடங்கு சொச்சம்தான் அழுத்தினார்கள். மஸ்டாங்கில் எட்டுக்கும் மேல்.

ஓட்டுவதுதான் வேடிக்கை. மாடல் டி-யில் இடது மிதி கியருக்கு, நடுமிதி ரிவர்ஸுக்கு, வலது மிதி பிரேக்குக்கு. ஆக்சிலரேட்டர்? ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி. பெட்ரோல் டேங்கிலிருந்து என்ஜினுக்குத் தானாக வழிந்துதான் வரும் என்பதால், டேங்கில் குறைவாக இருந்தால், டேங்க் என்ஜினைவிட உயரத்தில் இருக்கும்படி செங்குத்து மேட்டில் ரிவர்ஸில் ஏறுவார்கள். மஸ்டாங்கை இன்று யாரும் எடுத்து ஓட்டிவிடலாம். ஆனாலும் என் ஓட்டு மாடல் டி-க்குத்தான்.