பட்லர் அழுதாரா?

கேள்வி: தாயை இழந்த மகனின் துயரத்தை என் சிறுகதையில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். படித்த நண்பர், "அடக்கி எழுதுங்கள்" என்றார். பாதியாகக் குறைத்தேன், கதை இப்போது உயிரில்லாமல் கிடக்கிறது. அடக்கிச் சொல்வது என்பதுதான் என்ன?
— வாசகி, கும்பகோணம்

பதில்: சொற்களைக் குறைப்பதே அடக்கம் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். எழுத்தாளர் சுருக்கி எழுதுவது நடையைச் சேர்ந்தது. பாத்திரம் தன் நெஞ்சில் உள்ளதைக் குறைத்துச் சொல்லும்போதுதான் அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரியவருகிறது.

1989-இல் வெளிவந்து அவ்வாண்டே புக்கர் பரிசு பெற்ற, கசுவோ இஷிகுரோவின் 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே' நாவலைப் பாருங்கள். ஆங்கிலப் பிரபு ஒருவரின் மாளிகையில் பட்லராக இருந்த ஸ்டீவன்ஸ் தன் கதையைத் தானே சொல்கிறார். 1923-இல் அங்கு நடந்த மாநாட்டின் இறுதி இரவில், மாடியறையில் தந்தை இறந்துகொண்டிருக்க, இவர் கீழே விருந்தினர்களுக்கு மது பரிமாறிக்கொண்டிருக்கிறார். கண் கலங்கியது என்றோ தொண்டை அடைத்தது என்றோ ஒரு வரிகூட அவர் வாயிலிருந்து வருவதில்லை. பிரபுதான், அழுவதுபோல் இருக்கிறதே என்று கேட்கிறார். ஸ்டீவன்ஸ் சிரித்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாள் முழுதும் உழைத்த களைப்பு என்கிறார். தந்தைக்காக வந்த மருத்துவரையும், கால் நோவால் அவதிப்படும் பிரெஞ்சு விருந்தினரைப் பார்க்கச் சொல்கிறார். பல ஆண்டுகள் கழித்து அந்த இரவை வெற்றிப் பெருமிதத்துடன் நினைத்துக்கொள்கிறார் என்பது, எனக்கு அந்த மரணத்தைவிடத் துயரமாகப் படுகிறது.

பிரபுவின் அந்தக் கேள்வி இல்லாவிட்டால் ஸ்டீவன்ஸ் வெறும் கல்நெஞ்சராகவே நமக்குத் தோன்றியிருப்பார். அவர் மறைப்பதை இன்னொருவர் பார்த்துவிடுவதால்தான், கடமையையே மானமாகக் கருதி மகனாக இருப்பதை ஒத்திவைத்த மனிதரை நாம் அறிகிறோம். எல்லோருமே அடக்கமாகப் பேசியிருந்தாலும் இது எடுபட்டிருக்காது. உடன் பணிபுரியும் மிஸ் கென்டன், எப்போதும் ஏன் பாசாங்கு செய்கிறீர்கள் என்று அவரிடம் நேருக்கு நேராகவே கேட்டுவிடுபவர்.

நீங்களோ அழுகையை வெட்டிவிட்டு, அதைக் கண்ட சாட்சி ஒருவரையும் வைக்காமல் விட்டீர்கள். துக்க வீட்டில் மகன் வாடகை நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருக்கட்டும். மூன்றாம் முறையும் எண்ணிக்கை தவறுவதைப் பந்தல்காரர் கவனிக்கட்டும். "ராத்திரி சரியான தூக்கம் இல்லை" என்று சொல்லிவிட்டு, அவன் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கட்டும்.