ஜன்னல் கொட்டேஷனில் இருக்கும் சொற்கள்: வாசகர் கேள்வி - பதில்

பழைய மர ஜன்னல்களைக் கரையான் அரித்துவிட்டது. யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல் போடலாம் என்று விசாரித்தால் 2 டிராக், 2.5 டிராக், 3 டிராக், கேஸ்மென்ட் என்று அடுக்குகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, வேளச்சேரி

டிராக் என்பது கதவு ஓடும் தடம். 2 டிராக்கில் இரண்டு கண்ணாடிக் கதவுகள். எதைத் தள்ளினாலும் பாதி ஜன்னல்தான் திறக்கும். 2.5 டிராக்கில் கொசுவலைக்கு ஒரு குறுகிய தடம் கூடுதல். 3 டிராக்கில்தான் ஏமாற்றம் நடக்கிறது. மூன்றும் கண்ணாடிக் கதவாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு திறக்கும். இரண்டு கண்ணாடி, ஒரு வலை என்றால் அதுவும் பாதிதான். எனவே ‘எத்தனை கண்ணாடி, எத்தனை வலை’ என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

கேஸ்மென்ட் என்பது நம் பழைய ஜன்னல் மாதிரி கீலில் திறப்பது. முழுக்கத் திறக்கும், மூடும்போது ரப்பர் கேஸ்கட்டில் அழுந்தி உட்காரும். தடத்தில் தள்ளித் திறக்கும் ஸ்லைடிங்கில் அந்த இடத்தில் வெறும் பிரஷ்தான், தூசியும் சாரலும் கொஞ்சம் வரவே செய்யும். சாரல் நேராக அடிக்கும் பக்கத்துக்குக் கேஸ்மென்ட்தான் சரி. ஆனால் கதவு வெளியே, கிரில் உள்ளே என்பதால் கைப்பிடி இருக்கும் இடத்தில் கை நுழையும் அளவுக்குக் கிரில் இடைவெளி வேண்டும். கிரில் அடித்த பிறகு இதைக் கவனித்துப் பயனில்லை.

மேற்குப் பார்த்த படுக்கையறை. ஒருவர் இரட்டைக் கண்ணாடி, ‘யு வேல்யூ 2.8’ என்கிறார். இன்னொருவர் ஒற்றைக் கண்ணாடி, ‘எஸ்எச்ஜிசி 0.3’ என்கிறார். எது மேல்?
– வாசகர், மதுரை

உங்கள் அறைக்கு இரண்டாவது. யு வேல்யூ, உள்ளும் வெளியும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால், ஒரு டிகிரிக்கு ஒரு சதுர மீட்டரில் கடத்தப்படும் சூட்டின் அளவு. எஸ்எச்ஜிசி, கண்ணாடியில் விழும் வெயிலில் எத்தனை பங்கு சூடாக உள்ளே வருகிறது என்பது. இரண்டும் குறைவாக இருந்தால் நல்லது. ஆனால் இரண்டின் முக்கியத்துவமும் சமமல்ல.

கணக்குப் போடுங்கள். வெளியே 38 டிகிரி, ஏசி அறை 25. வித்தியாசம் 13. சாதாரண ஒற்றைக் கண்ணாடியின் யு வேல்யூ சுமார் 5.7, ஒரு சதுர மீட்டரில் 74 வாட் சூடு வரும். 2.8 என்றால் 36 வாட். மிச்சம் 38. இனி வெயில்: மாலையில் மேற்கு ஜன்னலில் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுவதாக வைத்துக்கொள்வோம். சாதாரணக் கண்ணாடியின் எஸ்எச்ஜிசி 0.8 அளவில் இருக்கும்; 480 வாட் உள்ளே வரும். 0.3 என்றால் 180. மிச்சம் 300! யு வேல்யூவை முதலில் பார்ப்பது குளிர்நாட்டுப் பழக்கம். பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடியின் எஸ்எச்ஜிசி 0.7 அளவிலேயே நிற்கும் என்பதால், மேற்கு வெயிலுக்கு அது தண்டச்செலவு.

இரண்டும் வேண்டுமானால் வெயிலைத் தடுக்கும் லோ-ஈ பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி. பூச்சு வெளிக்கண்ணாடியின் உட்புறத்தில் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் பலன் குறையும். லைட்டர் சுடரைக் கண்ணாடிக்கு அருகே பிடித்தால் நான்கு பிம்பங்கள் தெரியும். நிறம் மாறித் தெரிவது பூச்சுள்ள பக்கம். வெளியிலிருந்து எண்ணும்போது அது இரண்டாவதாக வர வேண்டும்.

பட்ஜெட் இடிக்கிறதா? ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே தொங்கும் திரைச்சீலை, சூடு அறைக்குள் வந்த பிறகுதான் அதைத் தடுக்கப் பார்க்கிறது.

இரட்டைக் கண்ணாடியின் நடுவே பனி படிகிறது. துடைக்க வழி உண்டா?
– வாசகர், கோவை

இல்லை. ஓரத்துச் சீல் விட்டுப்போய், உள்ளே ஈரம் உறிஞ்ச வைத்த மணிகள் இனி உறிஞ்ச முடியாதபடி ஈரத்தால் நிறைந்துவிட்டன. சட்டம் அப்படியே இருக்கட்டும். கண்ணாடி யூனிட்டை மட்டும் மாற்றலாம்.

புது ஸ்லைடிங் ஜன்னல். முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே வழிகிறது. ஜன்னலுக்கு அடியில் உள்ள கல்லை (சில்) மாற்றச் சொல்லலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

முதலில் ஒரு குவளைத் தண்ணீரைக் கீழ்த் தடத்தில் ஊற்றிப் பாருங்கள். சட்டத்தின் வெளிப்பக்கம் அடியில் உள்ள வீப் ஹோல் துளைகள் வழியே அது வடிய வேண்டும். தேங்கி நின்றால் சிமென்ட்டோ சிலிக்கோனோ துளையை அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் போதும். துளைகள் சரியாக இருந்தும் சட்டத்துக்கு அடியில் சுவர் நனைகிறதென்றால், தடத்தில் ஸ்க்ரூ அடித்த ஓட்டைகளை அடைக்காமல் விட்டிருப்பார்கள்.

சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே பூசிய சிலிக்கோனையும் பாருங்கள். பூசும்போது வினிகர் வாடை அடித்ததா? அந்த வகை சிமென்ட்டில் சரியாகப் பிடிக்காது, உரிந்து வரும். நியூட்ரல் வகை கேட்டுப் பூசச் சொல்லுங்கள். அடியில் உள்ள கிரானைட் கல் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். உங்கள் ஊர்க் கடற்காற்றுக்கு ஸ்க்ரூவும் கீலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருப்பது அவசியம்.

யூபிவிசி சட்டத்துக்குள் இரும்பு வைத்திருக்கிறார்களா, கண்ணாடி டஃபன்ட் (சூடாக்கிப் பலப்படுத்தியது)தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், திருச்சி

யூபிவிசியில் காந்தம் ஒட்டாது. வலுவான காந்தத்தைச் சட்டத்தின் மேல் நகர்த்துங்கள். உள்ளே ஜிஐ (துத்தநாகம் பூசிய) இரும்பு இருக்கும் இடத்தில் இழுக்கும். டஃபன்ட் கண்ணாடியின் மூலையில் அழியாத முத்திரை இருக்கும். டஃபன் செய்த பிறகு அதை வெட்ட முடியாது. அளவு தப்பினால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அதனால் ஆர்டருக்கு முன் அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடங்களில் அளந்து, சிறிய அளவை எடுத்துக்கொள்கிறார்களா என்று கூடவே நின்று பாருங்கள்.