ஸ்மால் செல் லங் கேன்சர்: கீமோவோட இம்யூனோதெரபி சேர்த்தா எவ்வளவு பலன், கடன் வாங்கிப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயசு, ரொம்ப வருஷமா பீடி பழக்கம். ஸ்மால் செல் லங் கேன்சர்னு பயாப்ஸில வந்திருக்கு, கல்லீரலுக்கும் பரவிடுச்சாம். கீமோவோட இம்யூனோதெரபியும் சேர்த்துப் போட்டா நல்லதுன்னு டாக்டர் சொல்றார், ஆனா செலவு லட்சக்கணக்குல போகும்ங்கறாங்க. சொந்தக்காரர் ஒருத்தர் கீமோவே வேணாம், உடம்பு தாங்காது, இம்யூனோதெரபி மட்டும் போடுங்கன்னு சொல்றார். வீட்ட அடமானம் வெக்கலாமான்னு யோசிச்சிட்டு இருக்கோம். என்ன பண்றது?

பதில்:

முதல்ல அந்த சொந்தக்காரர் சொன்னத பார்த்துடுவோம், ஏன்னா அதுதான் ஆபத்து. கீமோ இல்லாம இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியத் தூண்டி கேன்சர தாக்க வெக்கிற மருந்து) மட்டும்ங்கறது இந்த வியாதிக்கு முதல் ட்ரீட்மென்ட்டே கிடையாது. அவருக்குத் தெரிஞ்ச யாருக்கோ நான் ஸ்மால் செல் வகை இருந்திருக்கும், அதுல பிடி-எல்1 டெஸ்ட் (கேன்சர் செல்லுல ஒரு புரதம் எவ்வளவு இருக்குன்னு பார்க்குறது) ரொம்ப ஹையா வந்தா கீமோ இல்லாமலே போடுறது உண்டு, ரெண்டுமே நுரையீரல் கேன்சர்தானேன்னு குழப்பிக்கிறாங்க. ஸ்மால் செல் பயங்கர வேகமா வளரும், இம்யூனோதெரபி வேலை செய்ய டைம் எடுக்கும், அந்த டைம் அப்பாகிட்ட இல்ல. கீமோவுக்கு இது சட்டுனு கேட்கும், முதல் ரெண்டு சைக்கிள்லயே (தவணையிலயே) இருமல், மூச்சுத்திணறல், முகவீக்கம் எல்லாம் ஐஸ் மாதிரி கரையறத நிறைய பேருக்குப் பார்க்கலாம். பிரச்சனை என்னன்னா அதே வேகத்துல திரும்பவும் வந்துடும். கீமோ முடிச்சு திரும்பி வந்தவங்களுக்கு தனியா குடுக்கன்னு அமெரிக்காவுல நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப்ங்கற ரெண்டு இம்யூனோ மருந்துக்கும் அனுமதி இருந்துச்சு, அப்புறம் நடந்த பெரிய ட்ரயல்கள்ல (நோயாளிகளுக்குக் குடுத்துப் பார்க்குற ஆராய்ச்சி) எதிர்பார்த்த மாதிரி ஆயுசு கூடுறத நிரூபிக்க முடியாததால 2020 கடைசியிலயும் 2021லயும் கம்பெனிகளே அத வாபஸ் வாங்கிட்டாங்க. அதனால கீமோதான் அஸ்திவாரம், இம்யூனோ அதுமேல சேர்க்குறது.

உங்க டாக்டர் சொல்றது அனேகமா கார்போபிளாட்டின், எட்டோபோசைட்ங்கற ரெண்டு கீமோ மருந்து, கூட இம்யூனோவா அட்டிசோலிசுமாப் இல்லன்னா டர்வாலுமாப். 21 நாளைக்கு ஒரு தடவை, மொத்தம் நாலு சைக்கிள். ஒவ்வொரு சைக்கிள்லயும் முதல் நாள் எல்லா மருந்தும் ஏறும், அடுத்த ரெண்டு நாள் எட்டோபோசைட் மட்டும். நாலு முடிஞ்சதும் கீமோ நின்னுடும், இம்யூனோ மட்டும் தொடரும், அட்டிசோலிசுமாப்னா மூணு வாரத்துக்கு ஒண்ணு, டர்வாலுமாப்னா நாலு வாரத்துக்கு ஒண்ணு, வியாதி திரும்ப வளர்ற வரைக்கும் இல்ல சைடு எஃபெக்ட் தாங்க முடியாமப் போற வரைக்கும்.

இப்போ பலன். இங்கதான் ஆஸ்பத்திரியில அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிக்கிறதால நிறைய குடும்பங்களுக்குத் தப்பான கணக்கு மனசுல விழுந்துடுது. 2018ல வந்த இம்பவர்133 ட்ரயல்ல 403 பேர், கீமோ மட்டும் எடுத்தவங்களோட மீடியன் ஆயுசு (பாதிப் பேர் இதுக்கு மேல இருந்தாங்க, பாதிப் பேர் இதுக்குள்ள போயிட்டாங்கன்னு அர்த்தம்) 10.3 மாசம், அட்டிசோலிசுமாப் சேர்த்தவங்களுக்கு 12.3 மாசம். டர்வாலுமாப் வெச்சு நடந்த காஸ்பியன் ட்ரயல்லயும் கிட்டத்தட்ட இதே ரெண்டு ரெண்டரை மாச வித்தியாசம்தான். இத கேட்டதும் ரெண்டு மாசத்துக்கா வீட்ட அடமானம் வெக்கிறதுன்னு தோணும், நியாயம்தான். ஆனா எல்லாருக்கும் சரிசமமா ரெண்டு மாசம் கூடுதுன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. நிறைய பேருக்கு இம்யூனோவால ஒரு வித்தியாசமும் தெரியாது, கொஞ்ச பேருக்கு மட்டும் ரொம்ப நாள் நிக்கும். காஸ்பியன்லயே மூணு வருஷம் கழிச்சு பார்த்தப்போ கீமோ மட்டும் எடுத்தவங்கள்ல 5.8 சதவீதம் பேர்தான் இருந்தாங்க, டர்வாலுமாப் சேர்த்தவங்கள்ல 17.6 சதவீதம். நூத்துல ஆறு பேர் பதினெட்டு பேர் ஆகுறது இந்த வியாதியில சின்ன விஷயம் இல்ல, பல வருஷம் இந்த கிராஃப் அசையாமலே கிடந்துச்சு. அதே சமயம் மீதி எண்பத்தி சொச்சம் பேரையும் மறந்துட்டு முடிவெடுக்கக் கூடாது.

அந்தப் பதினெட்டுல அப்பா வருவாரான்னு முன்கூட்டியே காட்டுற டெஸ்ட் இன்னிக்கு இல்ல. பிடி-எல்1 பார்க்கலாமான்னு கேப்பீங்க, ஸ்மால் செல்லுல அதுக்கு முடிவ மாத்துற அளவுக்கு உபயோகம் இல்ல, இந்த காம்பினேஷன் போடணுமா வேணாமான்னு தீர்மானிக்க அந்த டெஸ்டுக்கு காசு செலவழிக்காதீங்க. அதே மாதிரி இந்த ட்ரயல்ல சேர்ந்தவங்க எல்லாம் ஓரளவு நடமாடி தன் வேலைய தானே பார்த்துக்கிட்டவங்க. அப்பா படுத்த படுக்கையா இருந்தா இந்த நம்பர அப்படியே அவருக்குப் பொருத்த முடியாது. ஆனா கேன்சராலயேதான் அவர் படுத்திருக்காருன்னா முதல் கீமோவுக்கு அப்புறம் எழுந்து உக்காரவும் வாய்ப்பு இருக்கு, அப்போ ரெண்டாவது சைக்கிள்ல இருந்து இம்யூனோ சேர்க்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

பணம் இன்னும் கைக்கு வரலன்னாலும் இதேதான். இன்சூரன்ஸ் அப்ரூவல் வரட்டும், இடத்த வித்துட்டு வரேன்னு கீமோவ தள்ளிப் போடாதீங்க. கார்போபிளாட்டின், எட்டோபோசைட் ரெண்டும் பழைய மருந்து, உள்நாட்டு கம்பெனிகளே பண்றாங்க, செலவு கம்மி, உடனே ஆரம்பிங்க.

செலவு கணக்கு போடும்போது நாலு டோஸோட நிறுத்திக்காதீங்க, மெயின்டனன்ஸையும், அதாவது கீமோ நின்னப்புறம் தொடர்ற இம்யூனோ டோஸையும் சேருங்க. இம்பவர்133ல பாதிப் பேருக்கு ஏழு டோஸுக்குள்ளயே நின்னுடுச்சு, சிலருக்கு முப்பது டோஸ் வரைக்கும் போயிருக்கு. நான் சொல்றது, ஏழெட்டு டோஸுக்கு குடும்பத்த ஆட்டாம பணம் புரட்ட முடியுமான்னு பாருங்க, முடிஞ்சா போடுங்க. இருக்கிற ஒரே வீட்ட வெச்சாதான் முடியும்னா, கீமோ மட்டும் குடுக்குறது அப்பாவ கைவிடுறது ஆகாது, அத தைரியமா டாக்டர்கிட்டயே சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி ஃபார்மசியிலயும் சோஷியல் வொர்க்கர்கிட்டயும் பேஷன்ட் அசிஸ்டன்ஸ் ப்ரோகிராம் இருக்கான்னு கட்டாயம் கேளுங்க, சில கம்பெனிங்க சில டோஸுக்கு மேல இலவசமா தருவாங்க, நாம கேக்கலன்னா யாரும் தானா வந்து சொல்ல மாட்டாங்க. 2024 ஜூலை பட்ஜெட்டுல டர்வாலுமாப்புக்கு இறக்குமதி வரி எடுத்தாங்க, அதனால பழைய விலைய நம்பாம புதுசா கொட்டேஷன் வாங்குங்க. கம்மி டோஸ் போட்டா போதுமாமேன்னும் சிலர் கேக்குறாங்க, அது மும்பை டாடா மெமோரியல்ல வாய், தொண்டை பக்கத்து கேன்சருக்கு நிவோலுமாப்ப 20 மில்லிகிராம் மட்டும் குடுத்து பண்ணின ஆராய்ச்சி, நல்ல ஆராய்ச்சிதான், ஆனா ஸ்மால் செல்லுக்கு அத அப்படியே எடுத்துக்க முடியாது.

சைடு எஃபெக்ட்ல ரெண்டு மருந்தும் ரெண்டு ரகம். கீமோவால முடி கொட்டும், வெள்ளை அணுக்கள் இறங்கும், ஊசி போட்டு ஒண்ணு ரெண்டு வாரத்துல 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் குடுத்துட்டு காலைல பார்க்கலாம்னு தூங்கிடாதீங்க, ராத்திரி ரெண்டு மணியானாலும் எமர்ஜென்சிக்கு போங்க. இம்யூனோவால வர்றது வேற, உடம்போட எதிர்ப்பு சக்தியே சொந்த உறுப்ப தாக்கும். தைராய்டு, குடல், கல்லீரல், தோல், சுகர், எதுல வேணா வரலாம், நுரையீரல்ல வந்தா நிமோனியா மாதிரியே தெரியும். மருந்து நிறுத்தி சில மாசம் கழிச்சும் வரலாம், அதனால பக்கத்து கிளினிக்குக்கு பேதின்னு போனாலும் இம்யூனோதெரபி போட்டவருன்னு முதல்ல சொல்லணும். சீக்கிரம் கண்டுபிடிச்சா பெரும்பாலும் ஸ்டீராய்டுல அடங்கிடும். முடக்குவாதம், சோரியாசிஸ், கிட்னி மாற்று இதெல்லாம் இருந்தா இப்பவே சொல்லுங்க. நாட்டு மருந்து ஏதாவது குடுத்துட்டு இருந்தா அதையும் மறைக்காதீங்க, கல்லீரல் டெஸ்ட் ஏறினா எதால ஏறுச்சுன்னே தெரியாமப் போயிடும். அப்பா திடீர்னு மசமசன்னு தூங்கிட்டே இருந்தா, பேச்சு குழறினா, ரத்தத்துல சோடியம் (உப்பு) அளவு பார்க்கச் சொல்லுங்க, இந்த கேன்சர்லயே அது இறங்கும்.

மூளைக்கு ஸ்கேன் எடுத்தாச்சான்னு நீங்க எழுதல. எடுக்கலன்னா எம்ஆர்ஐ கேளுங்க, இது மூளைக்கு அடிக்கடி போற வியாதி, அறிகுறியே இல்லாமலும் இருக்கும். பீடிய இப்பவாவது நிறுத்தச் சொல்லுங்க, இனிமே என்ன நிறுத்தின்னு அவர் சொல்வார், ஆனா கீமோ நடுவுல நெஞ்சு சளி, இன்ஃபெக்ஷன் குறையறதுக்கே அது உதவும். வலி, மூச்சு, சாப்பாடு பார்த்துக்கிற பேலியேட்டிவ் டீமையும் முதல் சைக்கிள்லயே பாருங்க, கடைசியில கூப்பிடுற டீம்னு நினைக்காதீங்க.